திரைக்குப் பின்னால் மூன்றாவது பெட்டி

“எவனோ ஒரு பாவி என் பெண்டாட்டி குரலைத் தின்னுட்டான், டீச்சர். அவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

சுடலைமணி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கத்தினார். வயது அறுபத்தொன்று. பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கி, பழைய இரும்பு பொறுக்கி, மூன்று குடோன் வரைக்கும் வந்தவர். இரும்பைத் தட்டிப் பார்த்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்வார். அந்தக் காதை எவனும் ஏமாற்றியதில்லை.

பிலோமினாவுக்கு அவரைவிட இருபத்தைந்து வயது குறைவு. பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில், ஒலிப்பதிவு வேலை செய்கிறவர்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்கிறவள். எட்டு மாதமாகச் சனிக்கிழமைதோறும் அவர் அவளிடம் வந்து பாடம் கேட்கிறார்.

“செருப்பைக் கழட்டிட்டு வந்து சொல்லுங்க.”

அவர் உள்ளே வந்து போனை எடுத்து மேசையில் வைத்தார். அதில் ஒரு குரல். பதினோரு நொடி.

‘கடையைச் சாத்தியாச்சா? சாப்பிட வாங்க. ரசம் ஆறுது.’

“இதுதான் மிச்சம். இதைக் கேக்க ஏழு ஜோடி ஸ்பீக்கர் வாங்கிட்டேன். கடைசியா வந்தது ஆள் உயரம். கப்பல்ல வந்துச்சு. எதுலயும் அவ வரமாட்டேங்குறா. பெட்டி செஞ்சவன் கெடுத்தானா, போன் செஞ்சவன் கெடுத்தானா?”

“எதுல கொஞ்சம் கிட்ட வருது?”

“ஆள் உயரப் பெட்டியில.”

“கடையில கேட்டப்போ சத்தம் ஒரு நூல் கூட வச்சிருப்பான். சத்தம் கூடினா எல்லாருக்கும் அதுதான் உசத்தியாத் தெரியும்.”

“அந்த வித்தை எனக்கா தெரியாது? நானே மீட்டர் வச்சுச் சமமாக்கித்தான் கேட்டேன்.” சுடலைமணி மீசையைத் தடவினார். பிறகு குரல் இறங்கியது. “உண்மையான ஒலின்னா எது டீச்சர்? அதை மட்டும் சொல்லுங்க. என்ன விலைன்னாலும் பேசிக்கிடலாம்.”

“எதோட ஒப்பிட்டு உண்மை?”

“என் ஞாபகத்தோட.”

“ஞாபகம் உங்க பக்கத்துச் சாட்சி. உங்களுக்குச் சாதகமாத்தான் பேசும். மூலம் வேணும். பேசின ஆளைக் கூட்டிட்டு வாங்க.”

“கூட்டிட்டு வந்து? அவகிட்ட இப்போ குரல் ஏது?”

இரண்டு வருடம் முன்னால் அவர் மனைவி வடிவின் தொண்டையில் கட்டி. ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். தொண்டையில் வைத்து அழுத்தினால் பேச்சு வரும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் கருவி கொடுத்தார்கள். வந்தது. ஆனால் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், டப்பாவில் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. முதல் நாளே சுடலைமணி காதைப் பொத்திக்கொண்டார். ‘இந்தச் சத்தம் வேண்டாம் தாயி. எழுதிக் காட்டு, போதும்’ என்றார். அன்றிலிருந்து அவள் ஒரு சிலேட்டோடு இருக்கிறாள். வீட்டில் பேசுவது அந்தப் பதினோரு நொடி மட்டும்தான், நாள் பூராவும்.

“குரல் இல்லாட்டி என்ன, ஆள் இருக்காங்கல்ல? கூட்டிட்டு வாங்க” என்றாள் பிலோமினா.

அடுத்த சனிக்கிழமை வடிவு வந்தாள். கழுத்தைச் சுற்றித் துண்டு, கையில் சிலேட்டு, தோளில் பை.

“ஒரே அறையில ரெண்டு பேர் கேட்டா ஒருத்தர் மூஞ்சி இன்னொருத்தர் காதைக் கெடுக்கும்” என்று சொல்லி, பிலோமினா வடிவைப் பக்கத்து அறையில் உட்கார வைத்தாள். சற்று நேரம் அவளோடு இருந்துவிட்டு வந்தாள். சுவருக்குச் சுவர் கறுப்புத் திரை தொங்கியது. சுடலைமணி வீட்டிலிருந்து முந்தின நாளே வந்து இறங்கிய இரண்டு பெட்டிகள் அதற்குப் பின்னால் இருந்தன.

“திரைக்குப் பின்னால மூணு இருக்கு. எது எதுன்னு சொல்ல மாட்டேன். அங்க போய்த் தொடவும் கூடாது. நல்லா இருந்தா நல்லாருக்குன்னு சொல்லுங்க.”

“மூணாவது யார் செஞ்சது?”

“கேளுங்க மொதல்ல.”

முதல் பெட்டி பேசியது. ‘கடையைச் சாத்தியாச்சா? சாப்பிட வாங்க. ரசம் ஆறுது.’

“அடியில கொஞ்சம் வீங்குது. உள்ளூர்ச் சரக்கு” என்றார் சுடலைமணி.

இரண்டாவது பேசியது.

“இது ஆள் உயரம். சுத்தமா இருக்கு. கழுவிவச்ச பாத்திரம் மாதிரி. ஆனா அவ இல்ல.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அடுத்ததைப் போடுங்க.”

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. கரகரத்து, ஒரே மட்டத்தில், இரும்பில் இரும்பு உரசுவதுபோல.

“கடையைச் சாத்தியாச்சா. சாப்பிட வாங்க. ரசம்…”

சுடலைமணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “நிறுத்துங்க டீச்சர்! எந்தக் காயலான் கடையில பொறுக்குனது இது? அவ பேச்சை இதுல போடலாமா? தூக்கி வெளிய எறிங்க!”

சத்தம் நின்றது.

கீழே தெருவில் ஒரு ஆட்டோ போனது. பிறகு திரைக்குப் பின்னாலிருந்து அதே கரகரப்பு மறுபடியும் வந்தது, முன்னைவிட மெதுவாக.

“ஏங்க… நல்லா இல்லையா?”

பதினோரு நொடியில் அந்த வார்த்தை கிடையாது. அதை ஆயிரம் தடவை கேட்டவருக்கு அது தெரியும். சுடலைமணி அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“தெரியாமப் போச்சே” என்றார். “டீச்சர், தெரியாமச் சொல்லிட்டேனே. நீங்க ஏன் இப்படிப் பண்ணினீங்க?”

“நான் அவங்களையும் பெட்டியைக் கேக்கத்தான் வரச் சொன்னேன். பக்கத்து அறை வழியா வந்து திரைக்குப் பின்னால நிக்கிறேன்னு அவங்கதான் எழுதிக் காட்டினாங்க. ‘முகம் தெரியாட்டி ஒருவேளை கேப்பாக’ன்னு. அந்தக் கருவி அவங்க பையிலதான் இருந்துச்சு. தினமும் சார்ஜ் போட்டு வச்சிருக்காங்க, ரெண்டு வருஷமா.”

சுடலைமணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து கேட்டார், “திரையை விலக்குங்க டீச்சர்.”

“நான் விலக்க மாட்டேன்” என்றாள் பிலோமினா. “போன வாரம் வாசல்ல நின்னு ஒருத்தனைத் தேடினீங்க, உங்க பெண்டாட்டி குரலைத் தின்னவனை. அவன் யாருன்னு இப்போ தெரிஞ்சுபோச்சு. இனிமே அவன் ஒரு பெட்டியும் வாங்க வேண்டாம். எழுந்து போய்த் திரையை விலக்கட்டும். அவங்க ஒரு கேள்வி கேட்டுட்டு நிக்கிறாங்க. அதுக்கு அவன் பதில் சொல்லட்டும்.”