நாச்சிமுத்து சார் பத்திரப்படுத்தின கம்ப்யூட்டர்

கால நீட்டிப் படுடா குட்டி. அத்தை சொல்றேன், நீ "ம்" கொட்டிக்கிட்டே வரணும்.

ஒரு ஊர்ல ஒரு பள்ளிக்கூடம். அங்க ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஹெட்மாஸ்டர் பேரு நாச்சிமுத்து. மகா பத்திரக்காரர்! கம்ப்யூட்டர் வந்த அன்னிக்கே சந்தனம் குங்குமம் வச்சு, கற்பூரம் காட்டி, உறை போட்டு மூடி, ரூமுக்குப் பூட்டும் போட்டாரு. டடக்! "பிள்ளைங்க தொட்டா கெட்டுப்போயிடும்"னாரு. ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை கதவத் தொறப்பாரு, பிள்ளைங்க வரிசையா நின்னு கும்பிட்டுட்டு வருவாங்க. அதான் கம்ப்யூட்டர் கிளாஸ். சிரிக்காதடா, நெசமாத்தான்!

அங்க செவ்வந்தின்னு ஒரு பொண்ணு படிச்சா. அவளுக்கு ஒரே ஆசை, தன் பேர அந்தத் திரையில பாக்கணும். ம்?

அப்போ ஒரு நாள் தகவல் வந்துச்சு. பெரிய அதிகாரியம்மா வராங்களாம், பிள்ளைங்களுக்கு கம்ப்யூட்டர் பாகமெல்லாம் அடையாளம் தெரியலைன்னா அத பக்கத்து ஊருக்கு அனுப்பிடுவாங்களாம். செவ்வந்திக்கு அழுகையே வந்துடுச்சு. பிலோமினா டீச்சர், "அழாத, தேடிப் பிடிக்கிற விளையாட்டு வச்சுக்கலாம்"னு சொல்லி, போர்டுல படம் வரைஞ்சு பேரெல்லாம் சொல்லிக் குடுத்தாங்க.

அப்புறம் அதிகாரியம்மா வந்தாங்க. கதவு கிரீச்ச்ச்! உறைய எடுத்தா தூசி, அச்ச்சூ! டீச்சர் கேட்டாங்க, "படம் காட்டும், ஆனா டிவி இல்ல. எங்க?" பிள்ளைங்க திமுதிமுன்னு ஓடித் தொட்டு, "மானிட்டர்!" "எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா உக்காந்திருக்கும்?" "கீபோர்டு!" "கையில பிடிச்சு நகத்தினா திரையில அம்பு நகரும்?" "மவுஸ்!" பேரு சரிதான். ஆனா மவுஸக் காணோம்!

ஹெட்மாஸ்டர் தலையச் சொறிஞ்சாரு. "சின்ன சாமானாச்சே, எவனாவது தூக்கிடுவான்னு காலையில நான்தான் பத்திரமா எடுத்து வச்சேன். எங்க வச்சேன்னுதான்..."

பீரோவக் கொடைஞ்சாங்க, கடகட. சாக்பீஸ் டப்பாவக் கவுத்தாங்க, சலசல. சாமி படத்துக்குப் பின்னால பாத்தா பல்லி, சர்ர்ர்! அதிகாரியம்மா கெளம்ப எழுந்துட்டாங்க.

அப்போ செவ்வந்தி பாத்தா, யாருமே தொடாத சாமான் ஒண்ணு பாக்கி. ஹெட்மாஸ்டரோட டிபன் கேரியர்! "அய்யய்யோ, அதுல கை வைக்காத!"ன்னாரு அவரு. ஆனா விட்டா கம்ப்யூட்டர் போயிடுமே! படக்குனு தொறந்துட்டா. மேல் அடுக்குல புளிசாதம், நடு அடுக்குல அப்பளம், அடி அடுக்குல மவுஸ்! தூங்கிட்டியா? ம், சரி.

அப்புறம் மவுஸ மாட்டி, கம்ப்யூட்டர ஆன் பண்ணினா அம்பு நகருது. செவ்வந்தி ஒவ்வொரு எழுத்தாத் தேடி, டக், டக்குனு தன் பேர அடிச்சுட்டா.

அதிகாரியம்மா சொன்னாங்க, "கம்ப்யூட்டர் இங்கயே இருக்கட்டும். ரூம் சாவிய டீச்சர்கிட்ட குடுத்துடுங்க சார்."

ஹெட்மாஸ்டர் பதறிட்டாரு. "தொலைச்சிட்டா?"

"தொலைஞ்சா செவ்வந்தி கண்டுபிடிச்சுக் குடுப்பா. நீங்க மட்டும் பத்திரமா எடுத்து வச்சுடாதீங்க!"

கதையும் ஆச்சு, உனக்குக் கொட்டாவியும் ஆச்சு. தூங்குடா கண்ணு.