சாளைக் கூட்டத்தின் ஓரம்

"ஏம்மா, என் பொய் மீனை மட்டும் ஏன் ஒண்ணும் தொடமாட்டேங்குது?"

கஸ்பார் இதைக் கேட்டது ஐந்தாம் நாள் காலையில். நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

தோணியின் பின்பக்கம் நின்றிருந்த அமலி கம்பைச் சேற்றில் ஊன்றித் தோணி நகராமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு கடலில் சேரும் இடம் அது. சாளைக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக முகத்துவாரத்துக்குள் நுழையும் மாதம். அவற்றைத் தின்னக் கொடுவா மீன்கள் பின்னாலேயே வரும். கொடுவா பாயும்போது தண்ணீர் சோற்று உலைபோலப் பொங்கும். மேலே ஆலாப் பறவைகள் கத்திக்கொண்டு விழும்.

இப்போதும் பொங்கிக்கொண்டிருந்தது. தோணியிலிருந்து பத்தடி தூரத்தில்.

கஸ்பாரின் தூண்டிலில் மட்டும் ஒன்றுமில்லை.

அமலிக்கு முப்பத்து நான்கு வயது. இரைக்குப் பதில் பொய் மீன் கட்டித் தூண்டில் வீசுவதில் அந்தக் கரையில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆம்பிளைகள் முதலில் கேலியாகத்தான் அவளை ஆசான் என்றார்கள். பிறகு அந்தப் பெயரில் கேலி தேய்ந்து போய்விட்டது. பட்டணத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அவளிடம் கற்றுக்கொண்டு போனார்கள்.

கஸ்பாருக்கு அறுபத்தொன்று. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒற்றை ஆளாக வந்து, கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு பிடித்துத் தங்கியிருந்தார். "வெளிநாட்டு வியாபாரம். இப்ப ஓய்வு" என்பார். அதற்கு மேல் யாராவது கேட்டால் காற்றைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேச ஆரம்பித்துவிடுவார். அவருக்குத் தூக்கம் வருவதில்லை. எதிலாவது மனசைச் செலுத்துங்கள் என்று டாக்டர் சொன்னார். தூண்டிலில் செலுத்தலாம் என்று அமலியிடம் வந்தார்.

வரும்போது ஒரு பெட்டியும் கொண்டுவந்தார். திறந்தால் கண் கூசும். சிவப்பு, பொன், பச்சை, கண்ணாடிபோல் மின்னுவது, வயிற்றுக்குள் மணி கிலுங்குவது. எல்லாம் பொய் மீன்கள். எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவை.

"பெட்டியில எது நல்லா இருக்கு?" என்று முதல் நாளே அமலி கேட்டிருந்தாள்.

அவர் ஒரு சாண் நீளமுள்ள பொன்னிற மீனை எடுத்துக் காட்டினார்.

"யாருக்கு நல்லா இருக்கு?"

அந்தக் கேள்வி அவருக்குப் புரியவில்லை. அதைக் கட்டித்தான் நான்கு நாளும் வீசினார்.

ஐந்தாம் நாள் கம்பைக் கீழே வைத்துவிட்டு அமலி தன் தூண்டிலை எடுத்தாள். அதன் நுனியில் தொங்கியது சுண்டுவிரல் நீளத்தில் சாம்பல் நிறமாக ஒரு ரப்பர் மீன். வால் கொஞ்சம் கிழிந்திருந்தது.

வீசினாள். இழுத்தாள். நான்கு கிலோ இருக்கும், ஒரு கொடுவா தோணிக்குள் வந்து விழுந்து துள்ளியது.

"அதை எனக்குக் குடு" என்றார் கஸ்பார்.

"எதை, மீனையா?"

"பொய் மீனை."

மறுபேச்சில்லாமல் அவிழ்த்துக் கொடுத்தாள்.

அவர் அதைக் கட்டி, பொங்குகிற இடத்தின் நட்டநடுவில் வீசினார். ஒன்றும் தொடவில்லை. மறுபடி வீசினார். மறுபடியும் நடுவில்தான். கை வலிக்கும்வரை வீசினார். தண்ணீர் பொங்குவது அடங்கியது. ஆலாக்கள் வேறு பக்கம் பறந்துபோயின.

அவர் முகம் சிவந்துவிட்டது.

"அதே பொய் மீன். அதே தண்ணி. உன் கைக்கு மட்டும் எப்படி வருது?"

"எங்க வீசுனீய அண்ணாச்சி?"

"கூட்டத்து நடுவுல."

"அங்க எத்தனை சாளை இருக்கும்?"

"அதை யாரு எண்ணுவா? ஆயிரம் இருக்கும். பத்தாயிரம் இருக்கும்."

"உங்களோடது பத்தாயிரத்து ஒண்ணு" என்றாள் அமலி. கம்பை எடுத்துத் தோணியைக் கரைக்குத் தள்ளினாள்.

அன்று அவர் வீட்டுக்குப் போய் அந்தச் சாம்பல் மீனை மேசைமேல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறக்கவே இல்லை.

ஆறாம் நாள் அமலி தோணியில் தூண்டில் எதையும் எடுத்து வைக்கவில்லை.

"மறந்துட்டியாம்மா?"

"இல்ல. குப்புறப் படுங்க."

"என்னது?"

"பலகையில குப்புறப் படுத்துத் தலையை வெளிய நீட்டுங்க. தண்ணிக்குள்ள பாருங்க."

வேறு யாரும் சொல்லியிருந்தால் கஸ்பார் எழுந்து போயிருப்பார். ஒரு காலத்தில் அவர் மேசைக்கு முன்னால் நாற்பது பேர் கைகட்டி நின்றிருக்கிறார்கள். ஆனால் அவள் குரலில் அதிகாரம் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படுத்தார்.

காலை வெயில் தண்ணீருக்குள் சாய்வாக இறங்கியிருந்தது. தெளிந்த தண்ணீர். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும் தெரிந்தது. சாளைக் குஞ்சுகள், ஆயிரமாயிரம், ஒரே உடம்புபோல. ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பின. ஒன்று மின்னினால் எல்லாம் மின்னின.

அவற்றுக்குக் கீழே இருட்டில் கொடுவாக்கள் அசையாமல் நின்றன.

அமலி பின்னாலிருந்து கேட்டாள். "இப்ப நீங்கதான் கொடுவா. பசி. எதைப் பிடிப்பீய?"

கஸ்பார் யோசிக்கவே இல்லை.

"அந்த ஓரத்துல வருதே, அதை. கூட்டத்தை விட்டு ரெண்டு விரக்கடை பின்தங்கியிருக்கு. அதுக்குக் கூட வர்றதுக்கு ஆளில்ல. அடிக்கடி நிக்குது. நின்னு நின்னு பாக்குது. அதைத்தான்."

சொல்லி முடித்ததும் அவருக்கே தன் குரல் வேறு யாருடைய குரலோபோல் கேட்டது.

அவர் சொன்ன அந்தக் குஞ்சின்மேல் கீழிருந்து ஒரு நிழல் எழுந்தது. தண்ணீர் அதிர்ந்தது. குஞ்சு அங்கே இல்லை.

அமலி தண்ணீரை விட்டு அவரைப் பார்த்தாள்.

"என்கிட்ட கத்துக்க வந்த யாரும் இதை முதல் தடவையிலேயே சொன்னதில்ல" என்றாள். "எல்லாரும் பெருசைக் காட்டுவாங்க. இல்லாட்டி நடுவுல கையைக் காட்டுவாங்க. நீங்க எங்க கத்துக்கிட்டீய?"

கஸ்பார் எழுந்து உட்கார்ந்தார். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"காத்து திரும்புது போல" என்றார்.

அமலி விட்டுவிட்டாள்.

ஏழாம் நாள் தூண்டிலோடு போனார்கள்.

இந்தத் தடவை கஸ்பார் நடுவில் வீசவில்லை. கூட்டத்தின் ஓரத்துக்கு அப்பால் வீசி, சாம்பல் மீனை மெல்ல முங்கவிட்டார். ஒரு சின்ன இழுப்பு. பிறகு நிறுத்தம். மறுபடி ஒரு இழுப்பு, இன்னும் கொஞ்சம் கோணலாக. நிறுத்தம். கூட்டத்தோடு சேர ஆசைப்பட்டுச் சேரமுடியாத ஒன்றைப்போல அது போனது.

கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

தூண்டில் நரம்பு விண்ணென்று விறைத்தது.

"விட்டுப் பிடிங்க!" என்று அமலி கத்தினாள். "ஓடட்டும், ஓடட்டும்! இப்ப சுத்துங்க!"

கால்மணி நேரம் ஆனது. தோணிக்குள் வந்து விழுந்தது ஒன்றரை முழத்துக்கும் மேல் நீளமான ஒரு கொடுவா. ஏழு கிலோவுக்குக் குறையாது. அமலி கைதட்டிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

கொடுவா ஒரு தடவை வாயை அகலத் திறந்து உடம்பை உதறியது. தின்றதையெல்லாம் பலகைமேல் கக்கியது.

எல்லாம் சாளைக் குஞ்சுகள். எல்லாம் ஒரே அளவு, சுண்டுவிரல் நீளம்.

கஸ்பார் குனிந்து பார்த்தார். அவற்றில் ஒன்று செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. செதில் பாதி உரிந்து போயிருந்தது. ஆனாலும் செவுள் மூடித் திறந்தது. மூடித் திறந்தது.

"ஏம்மா, இது பிழைக்குமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? தண்ணியில விட்டாத்தான் தெரியும்."

அவர் அதை உள்ளங்கையில் எடுத்தார். தோணிக்கு வெளியே கையை நீட்டித் தண்ணீருக்குள் முக்கி, விரல்களை விரித்தார். அது ஒருக்களித்துக் கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு ஒரு சின்ன அலை வந்து தோணியில் மோதியது. அதற்கப்புறம் அதைக் காணோம். போனதா, முங்கியதா என்று தெரியவில்லை.

கை இன்னும் தண்ணீருக்குள் இருக்கும்போதே அவர் பேச ஆரம்பித்தார்.

"ஆள் அனுப்புற தொழில்மா எனக்கு. அரபு நாட்டு மீன்பிடிப் படகுக்கு. முப்பது வருஷம்."

அமலி தூண்டிலைக் கீழே வைத்தாள்.

"ஒரு ஊருக்குப் போனா நூறு பேர் வந்து நிப்பாங்க. யாரை எடுக்கணும்னு பார்த்த உடனே தெரியும். அண்ணன் தம்பியோட வர்றவன் வேண்டாம். நாளைக்கு ஒண்ணுன்னா கேக்க ஆளிருக்கும். மாமன் போலீசுல இருக்கறவன் வேண்டாம். தகப்பன் இல்லாதவன். தனியா ஓரமா நிக்கறவன். கையெழுத்துப் போடும்போது திரும்பித் திரும்பிப் பாக்கிறவன். அவன்தான்."

"போன எடத்துல நல்லாப் பொழைச்சவங்களும் உண்டா?"

"நிறைய உண்டு. அதைச் சொல்லித்தான் இத்தனை நாளும் தூங்கப் பார்த்தேன்."

ஆலாக்கள் மறுபடி வந்துவிட்டன. தோணிக்குப் பக்கத்திலேயே தண்ணீர் பொங்கியது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"தாழைவிளையில ததேயுன்னு ஒருத்தன். அப்ப இருபத்திரெண்டு வயசு. அவனும் அம்மாவும் மட்டும்தான். அந்தம்மா பேரு வியாகுலம். ஆறு வருஷம் முந்தி அனுப்பினேன். பாஸ்போர்ட்டைப் புடுங்கி வச்சுக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு என் ஆபீசுக்கு ஒரு கடிதம் போட்டான். படகு முதலாளி பேரு, எந்தத் துறைமுகம், எல்லாம் எழுதியிருந்தான். அம்மாவுக்குப் போட்ட கடிதம் எதுவும் போய்ச் சேரலை போலிருக்கு, நீங்களாவது சொல்லுங்கன்னு எழுதியிருந்தான்."

"சொன்னீயளா?"

"அந்தம்மா மூணு தடவை ஆபீசுக்கு வந்துச்சு. மூணு தடவையும் நான் உள் அறையில கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். ஊர்ல இல்லன்னு கிளார்க்கைச் சொல்லச் சொன்னேன். மூணாவது தடவை அது அழக்கூட இல்ல. வாசல்ல உக்காந்து கொண்டு வந்த சோத்தைத் தின்னுட்டுப் போச்சு. கதவு இடுக்கு வழியாப் பார்த்தேன்."

அவர் தண்ணீரிலிருந்து கையை எடுத்தார்.

"கடிதத்தை வெளிய காட்டினா நான் உள்ள போகணும். அதான்."

அமலி திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். இல்லாவிட்டால் ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் எழுந்து கம்பை எடுத்தாள். தோணியைத் திருப்பினாள்.

"எங்கம்மா போற?"

"கரைக்கு."

"மீன் இன்னும் பொங்குது."

"பொங்கட்டும்."

கம்பு சேற்றில் இறங்குவதும் ஏறுவதும் மட்டும் கேட்டது. பாதி தூரம் வந்தபிறகு அவள் கேட்டாள்.

"அந்தக் கடிதம் இருக்கா?"

"இருக்கு. எங்க வீடு மாறினாலும் கொண்டு போறேன். கிழிக்கவும் முடியலை."

"அவன் இருக்கானா?"

"தெரியாது. நாலு வருஷமாச்சு."

இப்போது அவர் கேட்டார்.

"அந்தம்மா முன்னால போய் நின்னா, என்னை என்ன செய்வாங்க?"

அமலி கம்பை நிறுத்திவிட்டு உண்மையாகவே யோசித்தாள்.

"தெரியல அண்ணாச்சி. வாசல்ல நிக்க விடுவாங்களோ என்னமோ. அடிக்கவும் செய்யலாம். ஊரைக் கூட்டலாம்." பிறகு மெல்லச் சொன்னாள். "நான் வேணா தெருமுனை வரைக்கும் கூட வாரேன்."

தோணி மணலில் தட்டி நின்றது. கஸ்பார் இறங்கவில்லை. காலுக்கடியில் கிடந்த மீனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் யாரோ "ஆசானே, இன்னைக்கு மீன்பாடு எப்படி?" என்று குரல் கொடுத்தார்கள். அமலி திரும்பவில்லை.

கஸ்பார் வேட்டியை அவிழ்த்து ஒழுங்காகக் கட்டிக்கொண்டார்.

"தாழைவிளைக்கு பஸ் எத்தனை மணிக்கும்மா?"