ஞாயிறு முதல் வெள்ளை எழுத்து இல்லை

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. உலகத்தில் இப்படியும் நடக்கும்.

குருவின் பெயர் சகாயராணி. பாளையங்கோட்டையில் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்துகொண்டு 'விடுகதை மன்றம்' என்ற இணையதளத்தை நடத்திவந்தாள். சீடர் மாசிலாமணி தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மன்றத்தின் பழைய உறுப்பினர். தளம் நடத்தக் கற்றுக்கொடுங்கள் என்று அவராகவே வந்து நின்றார். முதலில் கேலியாகத்தான் 'குருவே' என்று கூப்பிட்டார். கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. விடுகதையைக் கறுப்பில் போடுவார்கள். விடையை [வெள்ளை] என்று தொடங்கி [/வெள்ளை] என்று முடியும் டேகுக்குள் போடுவார்கள். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து, கண்ணுக்குத் தெரியாது. மவுஸை அழுத்திப் பிடித்து அதன்மேல் இழுத்தால் நீலப் பட்டைக்குள் விடை தெரியும்.

மாசிலாமணி எந்த விடையையும் இழுத்துப் பார்த்ததில்லை. அவருக்குத்தான் எல்லா விடையும் தெரியுமே.

அவருக்கு எரிச்சலாக இருந்தது வேறு விஷயம். பதிவுக்குக் கீழே பலபேர் முழ நீளத்துக்கு வெற்றிடம் விட்டுவைத்தார்கள். எண்டரில் வைத்த கையை எடுக்கத் தெரியாத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டார்.

சகாயராணிக்கும் ஒரு வீண் பழக்கம் இருந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேலிருந்து கீழ்வரை மவுஸால் ஒருமுறை தடவுவாள், அரிசியில் கல் பார்ப்பதுபோல.

ஒருநாள் அவள் அப்படித் தடவிக்கொண்டிருக்கும்போது மாசிலாமணி கேட்டார்.

"குருவே, விடையைக் காட்ட இப்பத்தான் பட்டன் வந்துட்டே. அழுத்துனா திறக்கு. பயன்படாத டேகை எதுக்கு வச்சிருக்கோம்?"

"பயன்படலன்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொல்லுதேன். ஞாயித்துக்கிழமை எடுக்கப்போறோம்னு அறிவிப்பும் போட்டாச்சு."

மவுஸ் நின்றது.

"போட்டுட்டீங்களா அண்ணாச்சி?"

"காலைலயே. பழைய பதிவுலயும் வெள்ளையெல்லாம் கறுப்பாயிரும். பழைய விடைதானே, தெரிஞ்சா என்ன குடியா முழுகிரும்?"

சகாயராணி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"முதல்ல மாதிரித் தளத்துல எடுத்துப் பாருங்க," என்றாள். "எடுத்துட்டு செண்பகம் பக்கத்துக்குப் போங்க."

மாதிரித் தளம் என்பது மன்றத்தின் நகல். போன வாரம் வரைக்குமான பதிவுகள் அதில் இருந்தன. அங்கே எதை உடைத்தாலும் உண்மைத் தளத்துக்கு ஒன்றும் ஆகாது.

செண்பகத்தை மாசிலாமணிக்குப் பிடிக்கும். தினமும் காலையில் ஒரு விடுகதை போடுகிறவள். அவள் கணவன் கதிரேசனும் உறுப்பினன். "செண்பகம் எதைப் போட்டாலும் முதலில் படிப்பது நான்தான். அவள் மெயில்கூட என்னிடம்தான்" என்று ஒருமுறை எழுதியிருந்தான். எல்லோரும் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். மாசிலாமணியும் போட்டார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, தன் வீட்டில் உட்கார்ந்து, மாதிரித் தளத்தில் டேகை எடுத்தார். செண்பகத்தின் பக்கத்தைத் திறந்தார்.

'வெளிச்சத்தில் கூடவே வருவான், இருட்டில் விட்டுவிட்டுப் போவான். யார்?'

அதன் கீழே 'விடை: நிழல்.' அதற்கும் ஒரு முழம் கீழே, இத்தனை நாள் வெற்றிடமாக இருந்த இடத்தில், இன்னொரு வரி இருந்தது.

'இன்று வெளியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்.'

அடுத்து மாசிலாமணியின் கருத்து. 'அருமை! மிகவும் சுலபம்!'

மறுநாள் விடுகதையின் கீழே: 'இன்றும்.'

அதற்கு மறுநாள்: 'இன்றும். தண்ணீர் வைத்திருக்கிறார்.'

மாசிலாமணி கீழே போய்க்கொண்டே இருந்தார். சகாயராணி எப்போதும் போடும் 'நன்று' என்ற ஒற்றை வார்த்தைக்குக் கீழேயும் எழுத்து முளைத்திருந்தது. 'சாப்பிட்டீர்களா?' இன்னொரு 'நன்று'வின் கீழே, 'ஆளைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா?'

அதற்குப் பதில் அடுத்த நாள் விடுகதையின் அடியில் இருந்தது. 'வேண்டாம். பயமாக இருக்கிறது.'

ஒவ்வொரு பதிவிலும் இவருடைய 'அருமை' ஆச்சரியக்குறியோடு நின்றது. பேசிக்கொண்டிருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் போய்க் கைதட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, அவருக்கு வேர்த்தது.

உண்மைத் தளத்துக்குப் போனார். அன்று காலையில் செண்பகம் போட்ட பதிவைத் திறந்தார். வழக்கம்போல ஒரு விடுகதை, கீழே வெற்றிடம். மவுஸை அழுத்தி, வெற்றிடத்தின் மேல் மெதுவாக இழுத்தார்.

நீலப் பட்டைக்குள் இருந்தது: 'ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் எங்கே பேசுவது?'

தன் அறிவிப்புக்கு ஓடினார். அதன் கீழே வரிசையாக 'நல்லது', 'நல்லது' என்று போட்டிருந்தார்கள். நடுவில் கதிரேசன் எழுதியிருந்தான். 'நல்ல மாற்றம். பழைய பதிவுகளைத் திறந்து பார்க்க ஆவலாக இருக்கிறேன்.'

மாசிலாமணி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மாடிப்படி ஏறியதும் மூச்சு வாங்கக் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"அவங்க என்கிட்ட வெள்ளைல சொன்னாங்க அண்ணாச்சி. நான் உங்ககிட்ட கறுப்புல சொல்லலாமா?"

மாசிலாமணி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அறிவிப்பை எடுத்துருதேன்."

"ஆவலா இருக்கிற ஆளு, ஏன் எடுத்தீங்கன்னு கேப்பான்லா? கேட்டுட்டு, வீட்டுல இருக்கிறவங்கள பாப்பான்லா?"

"அப்ப என்னதான் செய்ய?"

"என்கிட்ட ஏன் கேக்குதீங்க? அவங்ககிட்ட கேளுங்க."

மவுஸை அவர் பக்கம் நகர்த்தினாள்.

மாசிலாமணி செண்பகத்தின் பதிவுக்குக் கீழே 'அருமை அம்மா' என்று கறுப்பில் தட்டினார். பிறகு வாழ்நாளில் முதல் தடவையாக வெள்ளையில் எழுதினார். 'என்னை மன்னிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை நிறுத்திவிடட்டுமா?' பதிவு ஏறியது. பக்கத்தில் 'அருமை அம்மா' மட்டும்தான் தெரிந்தது. தான் சொன்னது கிணற்றில் விழுந்து மூழ்கியதுபோல இருந்தது அவருக்கு. பயமாக இருந்தது. இவ்வளவு நாளும் அவள் இந்தக் கிணற்றுக்குள்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் காலை செண்பகத்தின் விடுகதை வந்தது.

'உள்ளே போட்டால் காவல், வெளியே போட்டால் சிறை. அது என்ன?'

முதல் ஆளாகக் கதிரேசன் கட்டைவிரல் பொம்மை போட்டுப் பாராட்டியிருந்தான். மாசிலாமணி மவுஸை இழுத்தார்.

'விடை: தாழ்ப்பாள்.'

இன்னும் கீழே இழுத்தார்.

'நிறுத்த வேண்டாம். சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் அவர் இருக்கமாட்டார். வரச் சொல்லுங்கள்.' அதன் அடியில் சங்கரன்கோவில் பக்கம் ஒரு விலாசம்.

சனிக்கிழமை சகாயராணியும், மகளிர் காவல் நிலையத்திலிருந்து இரண்டு பேரும், மாசிலாமணியும் போனார்கள். தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. ஒரு கதவில் மட்டும் வெளியே பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அந்த வீட்டுல பகல்ல யாரும் இருக்கமாட்டாங்களே," என்றாள்.

பூட்டை உடைத்தார்கள்.

உள்ளே வெள்ளைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். போலீஸ்காரர்களைப் பார்க்கவில்லை. சகாயராணியையே பார்த்தாள்.

"சாப்பிட்டீங்களான்னு கேட்டது நீங்கதானா?" என்றாள்.

"நான்தான். வாங்க, சாப்பிடப் போவோம்."

சகாயராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாசிலாமணி வாசலுக்கு வந்து, தெருவைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. செண்பகம் மதுரையில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அவள் கேட்டுக்கொண்டபடி, அவளுடைய பதிவுகளைப் போலீஸுக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு, தளத்திலிருந்து எடுத்தாகிவிட்டது.

மாசிலாமணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். டேகை எடுக்க ஒரு பட்டனை அழுத்தினால் போதும். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர் அவர். அதோடு, நெஞ்சில் இருந்த பாரமும் இறங்கியிருந்தது.

"குருவே, அந்தப் பிள்ளைதான் வெளிய வந்துட்டே. இனி எடுத்துடலாம்லா?"

சகாயராணி ஜன்னலோரம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"அறிவிப்புக்குக் கீழ எல்லாரும் என்ன போட்டிருக்காங்க?"

"நல்லதுன்னுதான் போட்டிருக்காங்க. ஊர்ப்பட்ட பேரு. ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லலையே."

"தடவிப் பாத்தீங்களா?"

மாசிலாமணி திரையைப் பார்த்தார். முதல் 'நல்லது'க்குக் கீழே ஒரு முழம் வெற்றிடம் இருந்தது. இரண்டாவதற்குக் கீழேயும் இருந்தது. மூன்றாவதற்குக் கீழே இன்னும் நீளமாக இருந்தது.

அவர் மவுஸின் மேல் கையை வைத்தார். இழுக்கவில்லை.