யாரோ கலக்கிய தண்ணீர்

கோடை முற்றிய காட்டில் கடைசியாக ஒரே ஒரு குட்டைதான் மிஞ்சியது. விடிந்ததும் காட்டுப்பன்றித் தலைவன் தன் கூட்டத்தோடு அதில் இறங்கிப் புரண்டுவிட்டுப் போகும். அதற்குப் பிறகுதான் மற்றவை குடிக்கலாம் என்பது அங்கே வழக்கம். மிஞ்சியது தண்ணீரா, கூழா என்று சொல்லத் தெரியாது.

அந்தக் காட்டின் புலவர் கரிச்சான் குருவி. இதைப் பார்க்கப் பார்க்க அதற்கு வயிறு எரிந்தது. ஆனால் பன்றி மண்ணைக் கிளறும்போது மேலே வரும் புழுக்கள்தான் அதற்குக் காலை உணவு. ஆகவே பாம்பும் சாகாமல் கோலும் முறியாமல் ஒரு பாட்டுக் கட்டியது.

"ஊர் குடிக்கும் நீரை யாரோ கலக்குகிறார்;
நா வறண்ட பிள்ளைகளை யாரோ மறக்கிறார்."

பாட்டு காடெங்கும் பரவியது. எல்லோரையும்விட அதிகமாக ரசித்தது யார் என்கிறீர்கள்? பன்றித் தலைவன்தான்! குட்டையில் இறங்குமுன் எல்லோரும் இதைப் பாடியாக வேண்டும் என்று உத்தரவே போட்டுவிட்டது. மறுநாள் பன்றிகள் பாடிக்கொண்டே இறங்கி, பாடிக்கொண்டே புரண்டன.

கரிச்சானுக்குத் தலை சுற்றியது. பாட்டு ஜெயித்ததா, தோற்றதா? ஜெயித்தது என்றால் தண்ணீர் ஏன் இன்னும் சேறு? தோற்றது என்றால் ஏன் இத்தனை பாராட்டு? மயிலைக் கேட்டால், பாட்டு எருமையைத்தான் குத்துகிறது என்றது. எருமையோ மயிலைச் சொன்னது. கடைசியில் கரிச்சான் பன்றித் தலைவனிடமே நயமாகக் கேட்டுப் பார்த்தது.

"அந்த யாரோ மட்டும் என் கண்ணில் படட்டும், புலவரே. கிழித்துவிடுகிறேன்" என்றது பன்றி, உண்மையான வருத்தத்தோடு.

தன் கண்தான் தப்பாகப் பார்த்ததோ என்று கரிச்சானுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நான்காம் நாள் ஒரு புதரடியில் சருகுமானைப் பார்த்தது. முயல் அளவே உள்ள சின்ன மான் அது. பக்கத்தில் அதன் குட்டி கண் செருகிக் கிடந்தது. குட்டைக்குப் போகவில்லையா என்று பதறிப்போய்க் கேட்டது கரிச்சான்.

"போறதை நிறுத்திட்டேன், புலவரே. உங்க பாட்டைக் கேட்டதுல இருந்து மனசு உறுத்துது. ஓரமா ஒரு காலை வச்சுத்தான் நாங்க குடிப்போம். அந்த ஒரு கால்தான் கலக்குதோ என்னவோ?"

கரிச்சான் வெட்கத்தில் குறுகிப்போனது. தான் கட்டிய பாட்டு கலக்கியவரைத் தாலாட்டிவிட்டு, தாகத்தில் தவித்தவளைச் சுட்டிருக்கிறதே!

மறுநாள் விடிந்ததும், பன்றிகள் குட்டையில் இறங்குமுன், எதிர்மரத்தில் உட்கார்ந்து அதே பாட்டை எடுத்தது. 'யாரோ' வந்த இரண்டு இடத்திலும் 'பன்றித் தலைவர்' என்று பாடியது.

ஆடிக்கொண்டிருந்த பன்றியின் தலை சட்டென்று நின்றது. "இதில் கவிதையே இல்லையே" என்று உறுமியது. தான் கிளறும் மண் பக்கம் இனிமேல் வரக்கூடாது என்று கரிச்சானை விரட்டியது.

எருமை மயிலைப் பார்த்தது. மயில் எருமையைப் பார்த்தது. பிறகு இரண்டும் பன்றியைப் பார்த்தன. எருமை மெதுவாக நடந்து போய், குட்டைக்கு முன்னால் கொம்பைத் தாழ்த்தி நின்றது.

"இன்னைக்கு முதல்ல குட்டிங்க குடிக்கட்டும்" என்றது.

பன்றித் தலைவன் இரண்டடி பின்வாங்கியது. புதிய பாட்டு காதில் விழுந்த சருகுமான் தன் குட்டியை முட்டி முட்டி நடத்திக்கொண்டு வந்தது. இரவில் சேறு அடியில் படிந்து தண்ணீர் தெளிந்திருந்தது. அந்தக் குட்டி பிறந்த நாள் முதல் தெளிந்த தண்ணீரைக் கண்டதில்லை. குடிக்கலாமா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாய் வைத்தது.

தவறு செய்தவரே தலையாட்டி ரசிக்கும் பாட்டால் தவறு குறையாது. அவர் பெயரைச் சொல்லத் துணியும் பாட்டே ஊருக்கு உதவும்.