சடையம்மாளின் வெளிநடப்பு

கல்வரை மலைச் சனம் சட்டமன்றத்துக்கு அனுப்பிய முதல் பெண் சடையம்மாள். மலைச் சரிவில் சாமை விதைத்துப் பிழைக்கிற சனம் அது. அவர்களுக்குப் பட்டா கிடையாது. இருப்பதெல்லாம் சடையம்மாளின் தொண்டைதான்.

அதைவிட அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வெளிநடப்பு. முந்தானையை உதறி இடுப்பில் செருகுவாள். நாலு வார்த்தை சுடச்சுடச் சொல்வாள். விறுவிறுவென்று வெளியே போய்விடுவாள். மறுநாள் பேப்பரில் படம் வரும். மலையில் அதைக் கத்தரித்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பார்கள்.

அந்தச் சரிவைத் தேயிலைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட ஒரு மசோதா வந்தது. அதை எடுப்பதற்கு முதல்நாள் சாயங்காலம் சடையம்மாள் தன் குருவான அன்னத்தம்மையைத் தேடிப் போனாள். சட்டமன்றத்துக்கு அடுத்த தெருவில், அம்மன் கோயில் மடப்பள்ளியில் சமைத்துப்போடுகிற சந்நியாசினி அவர். சடையம்மாளைவிட இரண்டு வயது இளையவர். பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"தாயே, நாளைக்கு இது நிறைவேறிட்டா எங்க சனத்துக்கு விதைக்க ஒரு முழ நிலம் மிஞ்சாது. ஆசீர்வாதம் பண்ணுங்க."

"என்ன செய்யப்போறே?"

"வெளிநடப்புதான். இந்தத் தடவை வாயில கறுப்புத் துணி கட்டிக்கிட்டு."

"அப்ப அந்த நாலு வார்த்தை?"

சடையம்மாள் யோசித்தாள். "சொல்லிட்டுக் கட்டிக்குவேன்."

அம்மை ஒரு துண்டு நறுக்கினார்.

"உங்க மலையில காட்டுப்பன்னி உண்டா?"

"உண்டாவா? போன வருசம் பாதிச் சாமை அதுக்குத்தான் விளைஞ்சுது."

"ஒருத்தன் கொல்லையில பன்னி புகுந்துச்சாம். அவன் மானஸ்தன். 'இனி உன் முகத்துல முழிக்கமாட்டேன்'னு சொல்லிட்டு, விடுவிடுன்னு கொல்லையை விட்டு வெளியே போயிட்டான்."

"பன்னி என்ன பண்ணுச்சு?"

"அதுக்கு ரொம்ப வருத்தமாம். கடைசிக் கதிர் வரைக்கும் வருத்தப்பட்டுக்கிட்டே தின்னுச்சாம்."

சடையம்மாள் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் மசோதாவை எடுத்ததும், சபைக் காவலர் வழக்கம்போலக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். மந்திரியும் மரியாதையாகக் கொஞ்சம் காத்திருந்தார். சடையம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"உறுப்பினர் இன்னும் கிளம்பலையா?" என்று சபாநாயகரே கேட்டுவிட்டார்.

"இல்லீங்க ஐயா. அந்தச் சரிவுல எத்தனை குடும்பம் விதைக்குதுன்னு மந்திரி ஐயா சொல்லட்டும். கேட்டுக்கிறேன்."

மந்திரி தாளைப் புரட்டினார். அதில் குடும்பமே இல்லை. திரும்பி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார்.

"விவரம் வரவழைச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் அடுத்த மசோதாவைப் பார்ப்போம்," என்றார் மந்திரி.

சடையம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓட்டமும் நடையுமாக மடப்பள்ளிக்கு வந்து சேர்ந்தாள்.

"தாயே, ஜெயிச்சுட்டேன். மந்திரிக்குப் பேச்சே வரலை."

"மசோதாவைக் கைவிட்டாச்சா?"

"தள்ளி வச்சிருக்காங்க. விவரம் வந்ததும் எடுப்பாங்களாம்."

"எப்ப வருமாம்?"

"இன்னைக்கேதான். எந்நேரமும் வரலாம்."

அன்னத்தம்மை கரண்டியைக் கீழே வைத்தார்.

"இப்ப உன் இடத்துல யார் உட்கார்ந்திருக்கா?"