பெட்டிப் பலகை இரண்டு

நோர்வேயின் வடகோடியில் இராசநாயகம் முதலாளி பனிச் சவாரி முகாம் நடத்தினார். அங்கே வேலைக்கு நின்றவர் அருளம்பலம் ஒருவர்தான். முதலாளி ஏசும்போது மட்டுமே அவர் காதில் தமிழ் விழும். அடுத்த தமிழ் வீடு பதினான்கு கிலோமீற்றர் தள்ளி இருந்தது.

கொட்டிலில் பழைய பனி ஸ்கூட்டர் ஒன்று பழுதாகிக் கிடந்தது.

"அதைத் திருத்தினா ஞாயிறுகளில அந்த வீட்டுக்குப் போய்வருவன், ஐயா."

முதலாளி சிரித்தார். "ஒரு சாமானும் வாங்கித் தரமாட்டன். குப்பையில கிடக்கிறதை வச்சுத் திருத்தும். ஓட்டப்போட்டியில என்ர புது வண்டியை முந்தினா அது உமக்கு."

"குப்பையில எதையும் எடுக்கலாமோ?"

"எடும், எடும்!"

அருளம்பலம் உடைந்த வண்டியொன்றின் பெல்ட்டைக் கழற்றிப் பூட்டினார். கிழிந்த இருக்கையைத் தார்ப்பாயால் தைத்தார்.

போட்டியன்று முதலாளி புது வண்டியைச் சூடான கராஜிலிருந்து கொண்டுவந்து பனியில் நிறுத்தி, பயணிகளிடம் அதன் பெருமையை இருபது நிமிடம் சொன்னார். அருளம்பலத்தின் வண்டி இரண்டு பலகைகளின் மேல் நின்றது.

"என்ன, கிழவிக்குக் கட்டில் போட்டிருக்கிறீரோ?"

"குளிருமெல்லே, ஐயா."

கொடி அசைந்தது. புது வண்டி உறுமியது, நகரவில்லை. அதன் சூட்டில் உருகிய பனி, பேச்சு முடிவதற்குள் மறுபடி உறைந்து, வண்டியை நிலத்தோடு பிடித்திருந்தது. பழையது பலகையில் வழுக்கி இறங்கி, எல்லைக் கம்பத்தைச் சுற்றித் திரும்பி வந்தது.

"அந்தப் பலகை எங்கால?" என்று முதலாளி கத்தினார்.

"உங்கட புது வண்டி வந்த பெட்டியின்ர பலகை, ஐயா. குப்பையில கிடந்தது."

ஞாயிற்றுக்கிழமை அருளம்பலம் தனதாகிவிட்ட பழைய வண்டியில் பதினான்கு கிலோமீற்றர் ஓடி, அந்த வீட்டு வாசலில் பலகைகளை வைத்து, வண்டியை மேலே ஏற்றினார். எவ்வளவு நேரம் இருந்து கதைத்தாலும் அது இனி உறையாது. பிறகு கதவைத் தட்டினார்.