ஆள்காட்டி ஏன் எல்லாரையும் பார்த்துக் கத்துகிறது

பல்லிக்கும் பறவைக்கும் பேச்சு வாய்த்திருந்த அந்தக் காலத்தில், ஆள்காட்டிக் குருவிக்கு ஆள்காட்டி என்ற பெயர் கிடையாது. கணந்துள் என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றப் பறவைகளைப் போல அவளும் மரத்தில்தான் குடியிருந்தாள். கொறண்டியாற்றின் தென்கரையில் முள் அடர்ந்த ஓர் உடைமரம். அதில் நாரும் பஞ்சும் வைத்து இழைத்த கூடு. கூட்டுக்குள் நாலு குஞ்சுகள்.

ஆறு என்று பெயரே தவிர, வருசத்தில் பத்து மாதம் வெறும் மணலும் கூழாங்கல்லும்தான். அந்த மணல்தான் எல்லை. வடகரை ஒரு சீமை, தென்கரை ஒரு சீமை. இரண்டு பக்கமும் பேச்சு ஒன்றுதான், ஒரே ஒரு சொல்லைத் தவிர. எதிர்ப்பக்கத்தைக் காட்டும்போது தென்கரையார் 'அங்கிட்டு' என்பார்கள். வடகரையார் 'அந்தாண்ட' என்பார்கள்.

கணந்துளுக்கு ஒரு குணம். புது முகத்தைக் கண்டால் விசாரிக்காமல் விடமாட்டாள். வடகரையில் மூன்று வருசம் மழை பொய்த்து, முதல் குடும்பமாக ஒரு கௌதாரி தன் குஞ்சுகளோடு மணலைக் கடந்து வந்தபோது, எதிரே போய் நின்றுகொண்டாள். எத்தனை நாள் நடந்தீர்கள், வழியில் என்ன தின்றீர்கள், அங்கே இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"இன்னாக்கா, நிக்க வெச்சே கேக்குறியே. மொதல்ல தண்ணி எந்தாண்டன்னு சொல்லு" என்றாள் கௌதாரி.

அந்த 'எந்தாண்ட' கணந்துளுக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. சொல்லிச் சொல்லிச் சிரித்தபடி கசத்துக்குக் கூட்டிப்போனாள். கசம் என்றால் ஆற்றோரத்து ஆழப்பள்ளம். அந்தத் தென்கரைக் கசம் எந்தக் கோடைக்கும் வற்றியதில்லை. இருவர் குஞ்சுகளும் அன்றே கூட்டாளியாகிவிட்டன.

பிறகு முயல்கள் வந்தன. காடைகள் வந்தன, கீரிகள் வந்தன. இங்கே இருந்த முயல் அங்கிருந்து வந்த முயலைக் கட்டிக்கொண்டு குட்டி போட்டது. கசத்தில் தண்ணீர் குடிக்க முறை வைக்க வேண்டியதாயிற்று. முறைக்கு நின்றவர்களிடம் முணுமுணுப்பு கிளம்பியது. கசத்துக்குக் காவலாக இருந்த உடும்பனார் ஒருநாள் தீர்ப்புச் சொன்னார்: வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போக வேண்டியது.

சொல்லிவிட்டாரே தவிர, வந்தவர் யார், இருந்தவர் யார் என்று அவருக்கே தெரியவில்லை. முயலுக்கு முயல் என்ன வித்தியாசம்? அதனால் கணந்துளைக் கூப்பிட்டார். ஊர் உலகத்து வாயெல்லாம் உனக்குத்தான் அத்துப்படி, காதால் கேட்டே பிரித்துவிடமாட்டாயா என்றார்.

கணந்துளுக்கு அது ஒரு விடுகதை போலப் பட்டது. ஒரு சொல்லை வைத்து ஓர் ஊரைக் கண்டுபிடித்துவிட முடியுமா? தெரிந்துகொள்ள ஆசை. சரி என்றுவிட்டாள்.

முகம் பார்த்தால் தாட்சண்யம் வந்துவிடும் என்று, நடுவில் முள்வேலி போட்டு அவளை அந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவராக வந்து நிற்க, எதிர்க்கரை எங்கே இருக்கிறது என்று உடும்பனார் கேட்பார். 'அங்கிட்டு' என்றால் கணந்துள் பேசாமல் இருப்பாள். 'அந்தாண்ட' என்றால் "ஆள் வந்துருக்கு" என்று குரல் கொடுப்பாள். அவர்கள் மணலில் இறங்கி நிற்க வேண்டும். உச்சிவெயிலுக்குள் பாதிப் பேர் மணலில் நின்றார்கள்.

கௌதாரியின் முறை வந்தது. 'அங்கிட்டு' என்று அவள் முன்கூட்டியே சொல்லிப் பழகியிருக்கிறாள். பயத்தில் நாக்குப் புரண்டது. "அங்கிட்டாண்ட" என்றாள்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கணந்துள் ஒரு நொடி தயங்கினாள். பிறகு குரல் கொடுத்துவிட்டாள்.

அடுத்து நாலு சின்னக் குரல்கள் ஒன்றாக, "அந்தாண்ட" என்றன.

"ஆள் வந்துருக்கு."

வாய் முந்திக்கொண்டது. காது பிறகுதான் சொன்னது, அது யார் குரல் என்று. கணந்துள் முள்வேலியைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தாள். இரண்டு கண்ணோரமும் முள் பிய்த்துச் சிவந்தது. எதிரே அவள் பெற்ற நாலும் நின்றன. இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டாள். எல்லாரும் இப்படித்தானே சொல்கிறோம் என்றது மூத்தது.

உடும்பனார் குரலைத் தணித்தார். "பச்சைப் பிள்ளைக. வாய் தவறிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு தாயி. கூட்டிட்டுப் போயிரு."

ஒரு வார்த்தைதான். கணந்துள் மணலைப் பார்த்தாள். கௌதாரி தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு நின்றாள்.

"போக்கா, புள்ளைங்கள இட்டுக்கினு போ. எங்கள பாக்காத" என்றாள்.

கணந்துள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. மேலே எழும்பினாள். கரையில் நின்ற முயலின் தலைக்கு மேல் பறந்து "ஆள் வந்துருக்கு" என்றாள். கீரியைப் பார்த்து அதையே சொன்னாள். சுற்றி வந்து உடும்பனார் தலைக்கு மேலும் கத்தினாள்.

"நான் இங்கனயே பொறந்தவன்" என்றார் உடும்பனார். அதற்கும் அதே கத்தல்தான்.

அவர் பேரே வந்துவிட்டது என்றதும், அடுத்தது நாமோ என்று கரையில் நின்றவர்கள் கலைந்து ஓடினார்கள். மணலில் நின்றவர்கள் மேலே ஏறினார்கள். எல்லாரும் எல்லாரோடும் கலந்துபோனார்கள். பொழுது சாய்வதற்குள் தாகம் எடுத்து அத்தனை பேரும் கசத்துக்கே வந்து சேர்ந்தார்கள். இனி யார் பிரிப்பது?

உடும்பனாருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. உடைமரத்தில் ஏறிக் கூட்டைப் பிய்த்து எறிந்தார். ஆளைக் காட்டச் சொன்னால் என்னையே காட்டுகிறாயா ஆள்காட்டி, இந்தக் கரையில் இனி ஒரு மரமும் உனக்கில்லை என்றார். வடகரையிலோ மரமெல்லாம் பட்டுப்போய்க் கிடந்தது. அவள் குஞ்சுகளோடு நடு ஆற்றில் இறங்கினாள்.

பிற்பாடு மழை பெய்தது. சிலர் திரும்பிப் போனார்கள், பலர் இருந்துவிட்டார்கள். அந்தக் கரையில் இப்போது இரண்டு சொல்லும் புழங்குகிறது.

அன்றைக்குத் தொடங்கியதுதான், கண்ணோரம் சிவந்த அந்தக் குருவி மரத்தை விட்டு வெறுந்தரையில் கல்லோடு கல்லாக முட்டையிடுவது. வடக்கிருந்து வந்தாலும் தெற்கிருந்து வந்தாலும் அது ஆள், ஆள் என்று கத்தத்தான் செய்யும். எந்த ஊர் ஆள் என்று மட்டும் சொல்லாது.